கடலின் விளைவை எண்ணியவர்

நிலத்தின் விளைவை அளக்க மரக்கால் உண்டு, கலம் உண்டு. ஒரு வயலில் எவ்வளவு நெல் காணும் என்பதை உழவர் அறுவடைக்கு முன்னரே மதிப்பிட்டுக் கூறுவர். கடலின் விளைவை அளக்கும் மரக்கால் யாது? இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டவர் விக்டர் ஹென்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

ஹென்சன் 1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள், அக்காலத்தில் டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சிலெஸ்விக் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்றார். மாணவராய் இருந்தபோதே, 1857இல், கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் பொருள் உள்ளதைக் கண்டறிந்தார். பிரான்சு நாட்டுப் பேரறிஞர் கிளாடு பெர்னார்டும் அதனைத் தனியே கண்டமையால், அப்புகழ் பெரிதும் அவரையே சேர்ந்தது. பின்னர் ஹென்சன் கீல் பல்கலைக் கழகத்தில் உடலியற் பேராசிரியரானார். நம் உட்செவியிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

மருத்துவ நூல் கற்றவர் கடலை நாடியது எவ்வாறு? கீல் நகரம் பால்டிக் கடலின் கரையில் உள்ளது. அங்கு மீன்பிடித்து வாழ்வோர் பலர். 1867இல் பிரஷ்யச் சட்டமன்ற உறுப்பினரான ஹென்சன், நாட்டின் கடல்களை அறிவியல் முறையில் ஆராய வேண்டுமென வலியுறுத்தினார். அதன் பயனாக 1870இல் கீலில் ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. கரைக்கு வந்த மீனைக் கணக்கிடலாம். கடலில் எஞ்சியிருப்பதை எவ்வாறு கணக்கிடுவது? காட் முதலிய மீன்களின் முட்டைகள் நீரில் மிதப்பவை. ஒரு குறித்த பரப்பில் மிதக்கும் முட்டைகளை எண்ணி, ஒரு தாய்மீன் எத்தனை முட்டையிடும் என்பதையும் அறிந்தால், அங்குள்ள தாய்மீன்களின் தொகை புலப்படுமன்றோ? எளிய எண்ணந்தான், ஆயினும் அதற்குமுன் எவரும் அவ்வழியிற் சென்றிலர்.

மாவு சலிக்க ஆலைகளில் பயன்படும் நுண்ணிய பட்டுத்துணியால் அவர் வலை செய்தார். அதனைக் கடலுள் ஓர் அளவான ஆழத்திற்கு இறக்கி, நேராக மேலே இழுத்தார். வலைவாயின் பரப்பும் ஆழமும் தெரிந்தமையால், எவ்வளவு நீர் வடிக்கப்பட்டது என்பதும் கணக்கிற்கு வந்தது. முட்டைகளோடு, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத எண்ணிறந்த உயிர்களும் அதில் சிக்கின. நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரியும் இவற்றிற்கு, அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து, 1887இல் அவர் பிளாங்டன் எனப் பெயரிட்டார். இவற்றுள் நுண்பாசிகள் கதிரவன் ஒளியால் உணவு ஆக்குகின்றன. சிற்றுயிர்கள் அவற்றை மேய்கின்றன. மீன்கள் சிற்றுயிர்களை உண்கின்றன. எனவே கடலின் வளத்தை அறிய இந்நுண்ணுயிர்களையே எண்ண வேண்டும் என அவர் துணிந்தார்.

1889 ஜூலைத் திங்களில் நேஷனல் என்னும் நீராவிக் கப்பல் கீலிலிருந்து புறப்பட்டது. தாவர அறிஞர், விலங்கியல் அறிஞர், புவியியல் அறிஞர், கடல்நீரிலுள்ள பாக்டீரியங்களை ஆராயும் மருத்துவர், ஓவியர் ஆகியோர் ஹென்சனுடன் சென்றனர். கிரீன்லாந்தின் அருகிருந்து பெர்முடா, அசென்ஷன் தீவு, அமேசான் ஆற்றின் முகம் வரை அட்லாண்டிக் கடலைச் சுற்றிய அக்கப்பல் நவம்பரில் மீண்டது.

எண்ணிப் பார்த்தபோது வியப்பே விளைந்தது. நிலத்தில் வெப்பநாடுகளிலே காடு செழித்திருத்தலால், கடலிலும் அவ்வாறே இருக்கும் என்று பலரும் நம்பியிருந்தனர். ஆனால் வடபுலத்துக் குளிர்கடலே உயிர்வளம் மிக்கதாய் இருந்தது. நீலமணிபோல் தெளிந்த வெப்பக்கடலோ பாலையை ஒத்திருந்தது. வெப்பக்கடலில் இலேசான வெந்நீர் மேலேயே தங்குதலால், ஆழத்திலுள்ள உரச்சத்துகள் ஒளிபடும் இடத்திற்கு எளிதில் ஏறுவதில்லை. குளிர்கடலில் மேல்நீர் குளிர்ந்து கீழ்நீரோடு கலக்கிறது. இக்காரணம் பிற்காலத்தாரால் தெளிவாயிற்று.

1890இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இவ்வாய்வைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவரோ உலகறிந்த உயிரியல் அறிஞர். மிதவை உயிர்கள் கடலில் சீராகப் பரவவில்லை, திரள்திரளாகவே உள்ளன என்றும், அவற்றை எண்ணப் புகுவோர் உடலும் உள்ளமும் கெடுவர் என்றும் அவர் கூறினார். ஹென்சன் அடுத்த ஆண்டே மறுமொழி எழுதினார், எண்ணுவதையும் நிறுத்தவில்லை. திரள்களைப் பற்றி ஹெக்கல் கூறியதில் உண்மை இருந்தது. எண்ணுவதே வீண் என்பதைத்தான் பின்னோர் ஏற்கவில்லை.

ஹென்சன் அறியாத குறை மற்றொன்றும் வலையிலேயே இருந்தது. கீலில் பணியாற்றிய ஹான்ஸ் லோமன், தன்னைச் சுற்றிப் பசைக்கூடு கட்டி வாழும் ஒரு சிறு கடலுயிரை ஆராய்ந்தார். அக்கூட்டின் நுண்ணிய வடிகட்டியில், பட்டு வலையின் கண்களில் நழுவிவிடும் மிகச் சிறிய உயிர்கள் ஏராளமாகச் சிக்கியிருந்தன. புழுவொத்த அச்சிற்றுயிரின் வலை பேராசிரியரின் வலையை வென்றுவிட்டது!

கடல்வாழ் உயிர்களின் தொகையைப் பற்றிய தம் நூலை ஹென்சன் 1911இல், 76ஆம் வயதில் வெளியிட்டார். கப்பல் திரும்பி 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் கீல் நகரில் காலமானார்.