எழுத்துக்கு ரூ.25

நின்றுபோன ஒரு பத்திரிகையில் விலைபோகக்கூடியது அதன் பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்கு விலை கொடுத்தவர் எஸ்.எஸ்.வாசன். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகட'னை 1928-இல் அவர் வாங்கினார். எட்டு எழுத்துகள், எழுத்துக்கு ரூ.25 வீதம் ரூ.200 கொடுத்தார் என்று பத்திரிகையுலகில் இன்றும் சொல்லப்படுகிறது.

திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்தவர் வாசன். விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதும், அஞ்சல் வழியாகப் பொருள்களை விற்பதும் அவருடைய தொடக்ககாலத் தொழில்கள். முகமறியாத வாடிக்கையாளர் ஒரு பெயரை நம்பித்தான் பணம் அனுப்புகிறார் என்பதை அத்தொழில் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். ஓவியர் மாலி வரைந்த குடுமித் தாத்தாவின் சிரித்த முகம் விகடனின் சின்னமாயிற்று. இது சிரிக்க வைக்கும் பத்திரிகை என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அந்த முகமே சொல்லிவிடுகிறது.

பின்னர், தீ விபத்துக்குள்ளான ஒரு படப்பிடிப்பு நிலையத்தை ஏலத்தில் எடுத்து, ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். கொம்பூதும் இரட்டைக் குழந்தைகள் அதன் சின்னம். ஜெமினி என்றால் மிதுனம், அதாவது இரட்டையர். பெயரும் படமும் ஒன்றையொன்று விளக்கின. 1948-இல் 'சந்திரலேகா' இந்தியிலும் வெளியாகி வடக்கே சென்றபோது, தமிழ் எழுத்தறியாதவரும் அக்குழந்தைகளைக் கண்டு நிறுவனத்தை அறிய முடிந்தது.

இதை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. நான் வசிக்கும் வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி என எத்திசையில் சென்றாலும் சிறு தொழிற்கூடங்களின் பெயர்ப்பலகைகளைக் காண்கிறேன். பற்சக்கரம், உலக உருண்டை, அதைச் சுற்றி வளைந்தோடும் அம்பு. பெயரை மறைத்துவிட்டால் எது எவருடையது என்று கூற இயலாது. ஐந்து வண்ணங்களில் மின்னும் சின்னம், ரசீதில் குத்தும் ரப்பர் முத்திரையில் வெறும் மைக்கறையாகிவிடுகிறது. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் தொழிலாளர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணியாற்றும் இக்காலத்தில், எழுத்தை மட்டும் நம்பும் சின்னம் பலரிடம் ஊமையாகவே நிற்கிறது.

கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு இது வீண் அலங்காரச் செலவாகத் தோன்றலாம். ஆனால், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவர் நாளை தம் பெயரிலேயே சந்தைக்கு வர விரும்பினால், அந்தப் பெயர்தான் அவருடைய முதல். எளிய வடிவம், ஒரே நிறத்திலும் சிதையாத கோடுகள், பெயரோடு பொருந்தும் பொருள் ஆகியவை சின்னத்துக்குப் போதும். அதற்கு மதிப்பைத் தருவது சரக்கின் தரம். வாசன் தம் படங்களில் கொட்டிய உழைப்பு இல்லையெனில், அக்குழந்தைகளை எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

வாசன் 1969-இல் மறைந்தார். ஸ்டூடியோவின் அருகே 1973-இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன. ஆட்டோ ஓட்டுநர்களுக்கோ அது இன்றும் ஜெமினி மேம்பாலம்தான்.