யார் இந்த சார்ப்பி?

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் ஐஸாட், சார்ப்பி என்று இரண்டு சோதனைகள் செய்து நாம் எல்லோரும் ரெக்கார்டு எழுதுகிறோம். வைவாவில் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவோம். ஒன்றில் துண்டு நெட்டுக்குத்தாக நிற்கும், மற்றதில் படுத்திருக்கும். ஆனால் சார்ப்பி யார் என்று கேட்டால்? நிறைய பேர் அது ஏதோ கம்பெனி பெயர் என்றே நினைக்கிறார்கள். அதனால்தான் நம் மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

ஜார்ஜ் சார்ப்பி 1865-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில், லியோன் நகருக்குப் பக்கத்திலுள்ள உல்லான் என்ற ஊரில் பிறந்தார். பாரிசில் எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்தார். பெயரைப் பார்த்து நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று நினைக்க வேண்டாம். இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பான உயர்ந்த கல்லூரி அது. பிறகு கடற்படை ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, மோன்லுசோன் நகரில் ஒரு உருக்காலைக்குப் போனார்.

அந்தக் காலத்தில் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. இழுத்துப் பார்க்கும் சோதனையில் நன்றாகத் தேறிய எஃகு, திடீர் அடி விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். மெதுவாக இழுப்பது வேறு, ஓங்கி அடிப்பது வேறு. அடி தாங்கும் குணத்தை எண்ணால் அளக்க வேண்டும் என்று சார்ப்பி இறங்கினார்.

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஊசலால் அடித்து அளக்கும் யோசனை முதலில் அவருடையது இல்லை. அமெரிக்காவில் ரஸ்ஸல் என்பவர் 1898-லேயே அதை வெளியிட்டுவிட்டார். அப்புறம் ஏன் சார்ப்பி பெயர் நின்றது? அவர் துண்டில் நாட்ச் வெட்டி, நாட்ச்சின் வடிவம் மாறினால் விடை எப்படி மாறுகிறது என்று பொறுமையாகச் சோதித்தார். 1901-ல் புடாபெஸ்ட் மாநாட்டில் அந்த ஆய்வைச் சமர்ப்பித்தார். எங்கே செய்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதற்காகத் துண்டுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று பாடுபட்டார். அதான் பெயர் நின்றது.

கணக்கு ரொம்ப சுலபம். 300 ஜூல் சக்தியோடு விழும் ஊசல், துண்டை உடைத்த பிறகும் 220 ஜூல் அளவுக்கு மேலே ஏறினால், துண்டு விழுங்கியது 80 ஜூல். இன்று நாம் வைக்கும் துண்டு 10 × 10 × 55 மி.மீ., நாட்ச் ஆழம் 2 மி.மீ.

1918-ல் அவர் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர் ஆனார். படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பி வந்தார்.

அவர் முதுமையில் இருந்தபோது, 1943 ஜனவரி 16-ல், அமெரிக்காவின் போர்ட்லேண்ட் துறைமுகத்தில் ஷெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, குண்டு இல்லை. குளிரில் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போனதும், வெல்டிங் குறைகளும் காரணங்கள். இப்படிப் பல கப்பல்கள் விரிசல் விட்ட பிறகு, குளிரில் எஃகு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க எல்லோரும் சார்ப்பி சோதனையைத்தான் நாடினார்கள். 1945 நவம்பரில், 80-ஆவது வயதில் அவர் காலமானார்.

நண்பர்களே, பழைய ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவது எல்லா லேபிலும் நடக்கிற சங்கதிதான். ஆனால் நாளைக்கு நம்மில் சிலர் ஏதோ ஒரு ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகிறோம். நாட்ச் ஒழுங்காக இருக்கிறதா, துண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, முள் சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் போட்ட எண்ணை நம்பி, யாரோ ஒருத்தர் அந்தக் கப்பலில் ஏறுவார், அந்த பாய்லர் பக்கத்தில் நிற்பார். அதை நினைத்துக்கொண்டு ஊசலை விடுவோம். சார்ப்பிக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்!