நீலக் கை மாரிஸ்

அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆக்ஸ்போர்டில் படித்தவர். இங்கிலாந்து போற்றிய கவிஞர். ஆனால் அவருடைய கைகளோ நீல நிறம்! கழுவினாலும் எளிதில் போகாத நீலம்.

அவர்தான் வில்லியம் மாரிஸ். கவிஞர் கையில் சாயம் ஏறியது எப்படி?

1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் மாரிஸ் பிறந்தார். தகப்பனாருக்குச் செம்புச் சுரங்கப் பங்குகளால் செல்வம் குவிந்தது. மகனுக்கோ, வீட்டில் புழங்கும் பொருள்கள் அழகாக இருக்கவேண்டும் என்பதே ஆசை. 1861-ம் ஆண்டில் நண்பர்களோடு கூடி ஒரு கம்பெனி தொடங்கினார். நாற்காலி, வண்ணக் கண்ணாடி, சுவர்க் காகிதம் எல்லாம் அங்கே தயாராயின. பிறகு துணி அச்சிட நினைத்தார். அங்கேதான் தொல்லை பிறந்தது.

தாரிலிருந்து வந்த சாயம்

1856-ம் ஆண்டில் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்யப் பார்த்தார். மருந்து வரவில்லை. ஊதா நிறச் சாயம் வந்தது! அதன் மூலப்பொருள் நிலக்கரித் தார். சில ஆண்டுகளில் இத்தகைய சாயங்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. மலிவு, பளபளப்பு, வேலையும் சுலபம்.

மாரிசுக்கு அவை பிடிக்கவில்லை. கண்ணைக் குத்துகின்றன, வெயில் பட்டால் பல வெளுத்துப் போகின்றன என்று குறைப்பட்டார். பழைய சாயங்களைத் தேடினார். அதற்குள் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. பழைய முறை தெரிந்தவர்கள் அருகிப் போனார்கள்.

ஒன்பது அடித் தொட்டி

1875-ம் ஆண்டில் லீக் என்ற பட்டு நகரத்துக்குப் போனார். அங்கே தாமஸ் வார்டில் என்பவருக்குச் சாயப்பட்டறை இருந்தது. (பிற்காலத்தில் நம் நாட்டு வேர்களையும் பட்டைகளையும் சோதித்து, ஆயிரக்கணக்கான சாய மாதிரிகளைத் தொகுத்தவர் இவரே.)

தரையில் புதைத்த தொட்டி. ஆழம் 9 அடி. அதில் அவுரி நீலம். அவுரி வெறும் தண்ணீரில் கரையாது, பக்குவப்படுத்திக் கரைக்கவேண்டும். பக்குவம் தவறினால் பட்டு பாழ்!

நான்கு சாயக்காரர்களும் வார்டிலும் வேலை செய்ய, மாரிஸ் எடுபிடி ஆளாக நின்றார். 20 ராத்தல் பட்டு உள்ளே போனது. பச்சையாக வெளியே வந்தது. காற்றுப் படப்பட நீலமாக மாறியது! இப்படிப் பட்டுக்குச் சாயம் ஏற்றியதைக் கண்ட நினைவு, அங்கே 70 வயதுக் கிழவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

வீணாகும் பொருள்களும் மாரிசுக்கு உதவின. பாப்லர் மரத்தின் சுள்ளிகளை வேகவைத்தார். நல்ல மஞ்சள் இறங்கியது. அக்ரோட்டுக் கொட்டையின் பச்சைத் தோலைத் தின்பவர் யார்? அது பழுப்புச் சாயத்துக்கு ஆகும். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர். சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம்.

எல்லாம் உடனே கைகூடிவிடவில்லை. ஒருமுறை வந்த நிறம் மறுமுறை வராது. சில துணிகளில் சாயம் நிற்காது. மாரிஸ் கோபக்காரர். குறைகளை அடுக்கி வார்டிலுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்.

பழம் திருடிய பறவை

1881-ம் ஆண்டில் மெர்ட்டனில், வாண்டில் ஆற்றங்கரையில் சொந்தப் பட்டறை வைத்தார். அந்த ஆற்று நீர் சாயத்துக்கு ஏற்றது.

அவருடைய கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் ஸ்ட்ராபெரி பழங்களைத் திருடித் தின்னும். அதையே 1883-ம் ஆண்டில் துணியில் அச்சிட்டார். முதலில் துணி முழுவதும் நீலம். பிறகு வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து எடுக்கவேண்டும். அதன்மேல் சிவப்பு, அதன்மேல் மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு, தனித்தனி அலசல். பல நாள் வேலை!

விலையும் ஏறியது. வாங்கியவர்கள் செல்வர்கள். இது மாரிசை உறுத்தியது. அதே 1883-ம் ஆண்டில் பொதுவுடைமைக் கொள்கையில் சேர்ந்தார். தெருமுனையில் நின்று தொழிலாளருக்காகப் பேசினார். ஆனால் அந்தத் தொழிலாளி வீட்டு ஜன்னலுக்கு அவருடைய துணி எட்டவில்லை. இந்த முடிச்சை அவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை.

1896-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, 62-வது வயதில் மாரிஸ் காலமானார். மறு ஆண்டே ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் அவுரி வயல்கள் சுருங்கின.

பழம் திருடிய பறவைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கின்றன. அவற்றின் பின்னே மாரிசின் அவுரி நீலம்.