பேரனுக்குப் பாட்டனார் வைத்த நிதி

ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய பரம்பரையில் நம்மாழ்வாரை அடுத்து எழுந்தருளியிருப்பவர் ஸ்ரீமந் நாதமுனிகள். இன்று காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரத்தில், ஆனி மாதம் அனுஷ நக்ஷத்திரத்தில், ஈச்வரபட்டரின் திருக்குமாரராக அவதரித்தவர். இவரது காலம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகள் என்பர் ஆராய்ச்சியாளர். இவருடைய குமாரர் ஈச்வரமுனி, திருப்பேரனார் ஆளவந்தார்.

குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை சென்று யமுனைக்கரையில் தங்கியிருந்த நாதமுனிகள், மன்னனார் நியமனத்தால் ஊர் திரும்பி, அப்பெருமானுக்கே கைங்கர்யம் செய்து வந்தார். ஒருநாள் மேல்நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் சந்நிதியில் ஆராவமுதனைப் பாடும் பத்துப் பாசுரங்களை ஸேவித்தனர். அவை ஆயிரத்துள் பத்து என்பது பாட்டிலேயே விளங்கிற்று. எஞ்சியவற்றை அவர்கள் அறியார். தமிழ் மறை இவ்வாறு மறைந்து கிடப்பதை அறிந்த நாதமுனிகள் வாளாவிருக்கவில்லை. திருக்குடந்தைக்கும், அங்கிருந்து திருக்குருகூருக்கும் நடந்தார். அவ்வூரில் மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸர், கண்ணிநுண் சிறுத்தாம்பு ஒன்றையே உபதேசிக்க இயன்றது. திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அதனைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். ஆழ்வார் ப்ரத்யக்ஷமாகி நாலாயிரத்தையும் யோக ரஹஸ்யத்தையும் அருளினார் என்று குருபரம்பரை கூறும்.

ஊர் திரும்பியவர் பெற்றதைப் பூட்டி வைக்கவில்லை. மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையுடன் கற்பித்தார். திவ்யதேசங்களில் நடைபெறும் அரையர் ஸேவைக்கு இதுவே மூலம்.

பின்னர் நாதமுனிகள் தம் சிஷ்யர்களுள் குருகைக்காவலப்பனுக்கு யோகத்தை அருளினார். உய்யக்கொண்டாரையோ, யோகமா ப்ரபந்தமா, எது வேண்டும் என்று வினவினார். பிணம் கிடக்கும் வீட்டில் மணம் புரிவாருண்டோ, உலகம் துயரில் கிடக்கையில் தாம் மட்டும் யோகாநந்தம் அநுபவிப்பது தகுமோ என்று கூறி, அவர் ப்ரபந்தத்தையே வேண்டினார். ஆசார்யன் திருவுள்ளம் குளிர்ந்தது. ஈச்வரமுனிக்கு ஒரு குமாரன் பிறப்பான். யமுனைத்துறைவன் என்று பெயரிடுக. ஸம்ப்ரதாய அர்த்தங்களை அவனிடம் சேர்ப்பிக்க என்று நியமித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

உய்யக்கொண்டார் அப்பொறுப்பைத் தம் சிஷ்யர் மணக்கால் நம்பியிடம் ஒப்படைத்தார். பேரனோ வாதில் வென்று, பாதி ராஜ்யம் பெற்று, அரண்மனையில் வாழ்ந்திருந்தார். வாயிற்காவல் கடக்க வழியில்லாத நம்பி, ஆறு மாதம் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொணர்ந்து மடைப்பள்ளியில் சேர்த்தார். பின் சில நாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று ஆளவந்தார் கேட்க, நம்பிக்கு வாயில் திறந்தது. பாட்டனார் சேர்த்து வைத்த நிதி தம்மிடம் இருப்பதாகவும், அதை ஒப்படைக்கவே வந்ததாகவும் நம்பி விண்ணப்பித்தார். பகவத் கீதையின் பொருளை உபதேசித்து, திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று பெரிய பெருமாளைக் காட்டி, நிதி இதுவே என்றார். ஆளவந்தார் ராஜ்யத்தைத் துறந்தார்.

மற்றொரு நிதியான யோகத்தையும் பெற விரும்பிக் குருகைக்காவலப்பனை அவர் அடைந்தார். உபதேசத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார் அப்பன். திருவனந்தபுரத்தில் இருக்கும்போது அந்நாள் வந்துவிட்டதை உணர்ந்து ஆளவந்தார் பெரிதும் வருந்தினார். அப்பன் அன்றே திருநாடு ஏகினார். யோகமும் அவருடன் சென்றது. நாதமுனிகள் இயற்றிய ந்யாயதத்வமும் யோகரஹஸ்யமும் கூட நூல்வடிவில் இன்று கிட்டவில்லை.

ஒருவரிடம் ஒடுங்கிய செல்வம் ஒருநாள் தவறியதில் மறைந்தது. பலர் நாவில் ஏற்றிய செல்வமோ ஆயிரம் ஆண்டு கடந்தும் குன்றவில்லை. திருவிழா வீதிகளில் பெருமாளுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டி எழுந்தருளும்போது, அடியார்கள் செவியில் விழுவது அந்தப் பாட்டனார் வைத்த நிதியே. பேரனுக்கென்று அவர் வைத்தது நம் அனைவருக்கும் உரிய சொத்தாயிற்று. குழந்தைகளுக்கு ஒரு பாசுரமேனும் கற்பிப்போர் அச்சொத்தைக் காப்பவராவர்.

நாதமுனிகள் திருவடிகளே சரணம்.