பாபா பூதன்

விடிந்தால் காப்பி என்பது ஏழாயிரம்பண்ணையிலும் நித்திய நியமமாகிவிட்டது. நம்முடைய கரிசல் பூமியில் அச்செடி வளராது. எனினும், தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் புறப்படுவோரில் பலர் ஒரு வாய் காப்பி அருந்தாமல் வாசற்படி தாண்டுவதில்லை. இதை நம் தேசத்திற்குக் கொணர்ந்தவரென்று போற்றப்படுபவர் அரசரல்லர், வியாபாரியுமல்லர். பாபா பூதன் என்னும் ஸூபிப் பெரியார்.

காப்பிச் செடி பிறந்தது அபிஸீனியாவில். 15-ம் நூற்றாண்டில் யேமன் தேசத்து ஸூபிகள் இரவு ஜபத்தில் உறக்கம் வாராதிருக்க அதை அருந்தினர். 1511-ல் மக்காவின் அதிகாரி அதற்குத் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையைத் தளர்த்தினார். பின்னர் மோக்கா துறைமுகம் உலகத்தின் காப்பிச் சந்தையாயிற்று. முளைக்கும் விதை வெளியே செல்லாதபடி அங்குள்ளோர் காவல் காத்தனர்.

ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பிய பாபா பூதன், 1670-ம் வருஷ வாக்கில், ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது பரம்பரைச் செய்தி. காவலை மீறியது குற்றமன்றோ என்று சிலர் வினவலாம். சட்டம் பயின்ற நாம் அவர்களை ஒன்று கேட்கிறோம்: அபிஸீனியாவில் பிறந்ததை மோக்காவின் தனிச்சொத்தாக்கிய பத்திரம் எது?

விதையை ஊன்றியவர் ஒருவர்; பலனைக் கொண்டவர் வேறு. டச்சுக்காரர் 1696-லும் 1699-லும் மலையாளக் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்குக் கொண்டுபோய்ப் பெருஞ்செல்வம் ஈட்டினர். 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலத் துரைமார் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் போட்டபொழுது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் ஏழை ஜனங்கள் பஞ்சத்துக்கஞ்சிக் கடல் கடந்தனர். காட்டுவழியில் காலராவுக்கு இரையானவர் பலர். 1869-ல் தோன்றிய இலைநோய் அத்தோட்டங்களை அழித்தது, தேயிலை வந்தது, நம்மவர் கூலி வாழ்வோ தொடர்ந்தது. நம் கோப்பையிலுள்ள கசப்பு காப்பிக்கொட்டையினது மாத்திரமன்று.

அப்பெரியாரின் பெயரைத் தாங்கிய மலையிலுள்ள குகையில், ஹிந்துக்கள் தத்தாத்ரேயரையும் முஸ்லிம்கள் தாதா ஹயாத்தையும் நெடுங்காலம் ஒன்றாகவே வழிபட்டு வந்தனர். பிற்காலத்தில் அவ்விடம் யாருடையது என்ற வழக்கு மூண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்கில் ஒரு கட்சி வெல்லும், மறுகட்சி தோற்கும். நீதிமன்றத்தின் இயல்பு அது. ஆனால் இரு சமூகத்தாரும் ஒரே வாசலில் நின்று கைகூப்பிய பழக்கம் தோற்குமாயின், அந்நஷ்டத்தை எந்தத் தீர்ப்பாலும் ஈடு செய்ய இயலாது. ஒருவர் கொணர்ந்த விதையை ஊரெல்லாம் பருகுகிறோம். அவர் வாழ்ந்த மலையை மட்டும் பங்கு போடுவது நமக்கு அழகாகுமா?