மூணு நொடியில நிறையற பஃபரும், மா. கிருஷ்ணனின் கேமராவும்

கூடுதுறை படித்துறையில காலை ஆறரை மணிக்கு நின்னிருக்கீங்களா? காவிரியும் பவானியும் சேர்ற இடத்துக்கு மேல, கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு அந்தரத்துல அப்படியே நிக்கும். இறக்கை மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும், கண்ணு தண்ணியில. அப்புறம் திடீர்னு கல்லு விழுந்த மாதிரி செங்குத்தா பாயும்.

போன மாசம் அதைப் படம் பிடிக்கப் போனேன். ஃப்ரெண்டோட கேமரா. அது அந்தரத்துல நின்ன உடனே பட்டனை அமுக்கிட்டேன். டக டக டகன்னு மூணு நொடி. அப்புறம் கேமரா இழுக்க ஆரம்பிச்சிருச்சு. பறவை பாய்ஞ்சது, மீனோட மேல வந்தது, போயே போச்சு. கார்டுல இருந்தது 25 படம். இருபத்தஞ்சுமே ஒரே மாதிரி, அந்தரத்துல நிக்கற மீன்கொத்தி.

கணக்கு ரொம்ப சிம்பிள்ங்க. ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்பி. நொடிக்கு 8 படம்னா 200 எம்பி உள்ளே வருது. கார்டு நிஜமா எழுதினது நொடிக்கு 40 எம்பிதான். மீதி 160 எம்பி நொடிக்கு நொடி பஃபர்ல தேங்குது. பஃபர் 500 எம்பின்னு வைங்க, மூணு நொடியில நிறைஞ்சிரும். அதுக்கப்புறம் கார்டு காலி பண்ணிக் குடுக்கற வேகத்துலதான் படம் எடுக்க முடியும், ரெண்டு நொடிக்கு மூணு படம். முழுசா காலியாக 12 நொடிக்கு மேல ஆகும். கார்டு மேல பெருசா போட்டிருக்கற 170 படிக்கற வேகம், எழுதற வேகம் இல்லை. பக்கத்துல பொடி எழுத்துல வி30ன்னு இருந்தா, குறைஞ்சபட்சம் 30 எம்பிக்கு உத்தரவாதம், அவ்வளவுதான். நான் இதைக் கடையில பார்க்கலை, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி கடுப்புல தேடிப் படிச்சப்பதான் மா. கிருஷ்ணன் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். பஃபரே இல்லாம, மோட்டாரும் இல்லாம, காட்டு யானைக்கு முன்னால நின்னு படம் எடுத்த மனுஷன்.

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் எழுதிய நாவலாசிரியர். கிருஷ்ணனுக்குப் பதிமூணு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். பாஸ் பண்ணி, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். தம்பி? மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். செடியைப் பொறுமையாப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. பிறகு சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் கோட்டு அவருக்கு ஒத்து வரவில்லை.

1937-ல் கல்யாணம். நிலையான வேலை இல்லை. 1942-ல் பெல்லாரிப் பக்கம் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்னு சொன்ன வேலை எல்லாம் பார்த்திருக்கிறார். நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்ததும் உண்டு. (பிளேஸ்மென்ட் கவலையில இருக்கற ஃபைனல் இயர் பசங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கலாம்.) முக்கியமான விஷயம், சண்டூரைச் சுத்திக் காடு இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் வேலை போனது. மயிலாப்பூருக்குத் திரும்பியவர், அதற்குப் பிறகு யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்து, படம், இரண்டை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தினார். 1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார்.

இப்போ கேமராவுக்கு வருவோம். ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், எங்கெங்கோ பொறுக்கின பாகங்கள் என்று தானே சேர்த்துக் கட்டியது. பார்க்கவே பூதம் மாதிரி இருக்குமாம். அதற்குக் கிண்டலாக சூப்பர் பாண்டரோசா என்று பேர் வைத்திருந்தார். நம்ம ஒர்க்‌ஷாப் ஆளுங்க பார்த்தா கும்பிட்டிருப்பாங்க. கடைசி வரைக்கும் கருப்பு வெள்ளைதான், கலர் பக்கம் போகவில்லை.

அவருக்கு வேற வழியே இல்லாம இல்லை. 1959-ல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கு மோட்டார் மாட்டி, நொடிக்கு மூணு நாலு படம் எடுக்கலாம். 36 படம் கொண்ட ஒரு ரோல் பத்து நொடியில் தீர்ந்துவிடும். அந்தக் காலத்து பஃபர் அதுதான், காலி பண்ணணும்னா ரோலையே மாத்தணும். அதுக்கும் முன்னால, 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் ஓடுற குதிரையைப் படம் பிடிக்க 12 கேமராவை வரிசையா நிறுத்தினார். 12 கேமரா, 12 படம், கதை முடிஞ்சது. ஆனா அவருக்கு ஒரு சௌகரியம், குதிரை எந்தப் பாதையில வரும்னு தெரியும். கட்டின நூலைக் குதிரையே அறுத்து ஷட்டரை இயக்கிருச்சு. முதுமலை யானை நூலுக்கு எல்லாம் கட்டுப்படுமா?

கிருஷ்ணன் செய்தது வேற. முகாம் யானை மேல ஏறி, சில சமயம் நடந்தே, காட்டு யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போவார். மணிக்கணக்காகப் பார்ப்பார். காது எப்போ விரியும், தும்பிக்கை எப்போ உயரும், எப்போ திரும்பும் என்று விலங்கின் அடுத்த அசைவு முன்கூட்டியே தெரிந்தால்தான் ஒரே ஒரு படத்தில் அதைப் பிடிக்க முடியும். தப்பினால் ஃபிலிம் காசு போச்சு, அது சம்பளம் இல்லாத வீட்டுக் காசு. எடுத்தது சரியா வந்ததா என்பதும் ஊருக்கு வந்து ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியும். என் மீன்கொத்திக்கு இது பொருந்துதான்னு யோசிச்சுப் பார்த்தேன். அது அந்தரத்துல நிக்கறது சில நொடி, பாயறது கண்ணிமைக்கிற நேரம். பாயறதுக்கு முன்னால அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. தெரியாததால முதல் நொடியிலேயே அமுக்கினேன். கார்டு மேல பழி போட்டாச்சு, பாதிப் பழி என்னுது.

அந்தப் படங்கள் அழகுக்கு மட்டும் இல்லை. 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க வெளியீடாக நூல் வடிவம் பெற்றது. அதில் படமே சாட்சி. 1960-ல் பத்மஸ்ரீ. நம்ம ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பெரியசாமி தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியம் தொகுத்தபோது, விலங்குகள், பறவைகள் பற்றி அதில் எழுதினவரும் இவர்தான். தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார், பேரு கதிரேசன் செட்டியாரின் காதல்.

இன்னொண்ணு. தெப்பக்காடு முகாமைத் தொட்டுக்கிட்டு ஓடறது மாயாறு. அது பவானிசாகர்ல பவானியோட சேருது. அவர் யானைகளைப் பார்த்த காட்டுத் தண்ணிதான் கூடுதுறைக்கு வந்து சேருதுங்க.

ஸ்டேட்ஸ்மன் பத்தியை 46 வருஷம் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்தார். கடைசிப் பத்தி அச்சாகி வந்ததும் அதே நாள். எஸ்டி கார்டு சந்தைக்கு வர இன்னும் நாலு வருஷம் இருந்தது.