உப்பு உலையிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு: புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்க்கை

ஆசிரியராக விரும்பும் நம் இளைஞருள் சிலர், வேறு தொழிலில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்ட காரணத்தால் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதை நாம் கண்டு வருகிறோம். ஆலையிலும் செங்கற்சூளையிலும் உழைத்த கைக்குச் சுண்ணக்கட்டி பொருந்துமோ என்பது அவர்கள் ஐயம். அவ்வையத்தை நீக்கவல்ல வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தலைவராக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டனின் வரலாறே அது. அதனை இவ்வெள்ளி விழா மலரில் சுருங்க உரைப்பது தகும் எனக் கருதுகிறோம்.

பிறப்பும் உழைப்பும்

புக்கர் 1856ஆம் ஆண்டு வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தார். தாய் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை யாரென அவர் இறுதிவரை அறியார். ஒரு வெள்ளையர் என்று மட்டுமே கேள்வியுற்றிருந்தார். அடிமைகளைக் கூட்டிவைத்து எழுத்துக் கற்பிப்பது அம்மாநிலத்தில் அந்நாளில் சட்டப்படி குற்றமாயிருந்தது. பண்ணையாரின் பெண்ணுக்குப் புத்தகம் சுமந்து பள்ளி வாயில் வரை செல்வார் புக்கர். உள்ளே நுழைய அவருக்கு உரிமையில்லை.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வெர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் உலைகளில் மாற்றாந்தந்தைக்கு வேலை. சிறுவன் புக்கருக்கும் அங்கேயே வேலை. தந்தையின் உப்புப் பீப்பாய்களில் 18 என்னும் எண் பொறிக்கப்படும். அவ்வெண்ணே புக்கர் முதன்முதலில் கற்ற எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய், மகனின் ஆவலறிந்து, எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடியைத் தேடித் தந்தார். ஊரில் பள்ளி தோன்றியபோது, விடியுமுன் உலைக்குச் சென்று ஒன்பது மணி வரை உழைத்து, அதன் பின்னரே அவர் வகுப்புக்குச் செல்ல இயன்றது. பெயர்ப் பதிவின்போது ஏனைய பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருக்கக் கண்டு, தமக்குத் தாமே வாஷிங்டன் என்னும் குடிப்பெயரைச் சூட்டிக்கொண்டார்.

பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அங்கே, கறுப்பின மக்களுக்கென ஹாம்ப்டன் நகரில் ஒரு பெரும் பள்ளி இருப்பதாகவும், ஏழை மாணவர் உழைத்தே கட்டணத்தை ஈடு செய்யலாம் என்றும் தொழிலாளர் இருவர் இருளில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அது 1868இல் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்பார் நிறுவிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அன்று முதல் அவர் நெஞ்சில் வேறு நினைவு இல்லை.

ஹாம்ப்டன் வாயிலில்

1872இல், பதினாறு வயதில், அவர் புறப்பட்டார். வழித்தொலைவு ஏறத்தாழ 500 மைல் என அவரே கணக்கிட்டிருக்கிறார். வண்டியிலும் கால்நடையாகவும் ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் காசில்லை. பலகை நடைபாதையின் அடியில் இரவில் படுத்துறங்கி, பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது ஐம்பது சென்ட்.

அழுக்குடையும் பசித்த முகமுமாய் நின்றவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா எனத் தலைமை ஆசிரியை மேரி மேக்கி அம்மையாரால் உடனே முடிவு செய்ய இயலவில்லை. மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டே இவரைக் காக்க வைத்தார். சில மணி நேரம் சென்றபின், ஒரு வகுப்பறையைப் பெருக்குமாறு பணித்தார். புக்கர் மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். அம்மையார் கைக்குட்டையால் மரச்சுவரையும் மேசையையும் துடைத்துப் பார்த்தார். ஒரு துகள் தூசியும் ஒட்டவில்லை. அதுவே நுழைவுத் தேர்வாயிற்று. உணவுக்கும் தங்கலுக்கும் ஈடாகப் பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

பிறப்பின் பெயரால் துடைப்பம் திணிக்கப்பட்ட மக்களாகிய நமக்கு இச்செய்தி உறுத்தும், உறுத்துவதே இயல்பு. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் துடைப்பம் விலங்கு ஆகும். புக்கரோ மூன்றாண்டுகள் அதனைப் பிடித்து, 1875இல் ஆசிரியத் தகுதியோடு அதனைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்.

ஆசிரியரை ஆக்கிய ஆசிரியர்

மால்டனுக்கே திரும்பிய அவர் பகலில் சிறுவர்க்கும் இரவில் தொழிலாளர்க்கும் கற்பித்தார். எழுத்தோடு, தலைவாரலும் குளித்தலும் பல் துலக்கலும் பாடமாயின. தம் தமையன் ஜானையும் வேறு சில இளைஞரையும் ஹாம்ப்டனுக்கு அனுப்பிவைத்தார். தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் பிடித்துத் தந்த இச்செயலை நம் இளைஞர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீஜியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்த அழைப்பு வந்தது. அரசு தந்தது ஆசிரியர் சம்பளத்துக்கென ஆண்டுக்கு 2,000 டாலர் மட்டுமே, நிலமுமில்லை, கட்டடமுமில்லை. ஜூலை 4ஆம் நாள் ஒழுகும் குடில் ஒன்றில் 30 மாணவரோடு பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணவர் குடை பிடிக்க, அதன்கீழ் நின்று பாடம் சொன்னார். அம்முப்பதின்மருள் பெரும்பாலோர் ஏற்கெனவே சிற்றூர்ப் பள்ளிகளில் கற்பித்து வந்தோர். சிலருக்கு அகவை நாற்பதை நெருங்கிற்று. தம் பழைய மாணவரையும் உடன் அழைத்துவந்த ஆசிரியர் சிலர், அம்மாணவர் தம்மினும் மேல்வகுப்பில் சேர்க்கப்பட்டதையும் பொறுத்துக் கற்றனர்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டியிருந்தது. மாணவரே சூளையிட்டனர், மூன்று முறை தோல்வி. கைப்பொருள் தீர்ந்தபோது தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் முறை முயன்று வென்றார். அங்குப் பயின்றோர் தென்மாநிலச் சிற்றூர்களுக்கெல்லாம் ஆசிரியராகச் சென்றனர். 1912க்குப் பின் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்னும் செல்வரின் துணையோடு அவர் தொடங்கிய சிற்றூர்ப் பள்ளித் திட்டம், 1932 அளவில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளாய்ப் பெருகிற்று.

கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

புகழ்ந்து மட்டும் செல்வது வரலாறு ஆகாது. 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பின மக்கள் முதலில் தொழிலிலும் பொருளிலும் உயரட்டும், சமூக சமத்துவத்துக்கான போராட்டம் இப்போது வேண்டா என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். வெள்ளையர் கைதட்டினர். ஆனால் அவர் எதிர்பார்த்த நல்லெண்ணம் விளையவில்லை. 1896இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தது. 1901இல் அவர் வாழ்ந்த அலபாமாவே புதிய அரசமைப்பால் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. அறிஞர் டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலில் அவரது வழியை வன்மையாக மறுத்தார். வாக்குரிமை வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்தமை அவர் மறைவுக்குப் பின்னரே பரவலாக அறியப்பட்டது. வெளிப்படையாக அதனைச் செய்ய அவர் துணியவில்லை.

தமக்கு வாயில் திறந்த பொறுமையே தம் இனம் முழுமைக்கும் வாயில் திறக்கும் என அவர் நம்பினார். தனியொருவரின் விடாமுயற்சி அவரை வகுப்பறைக்குள் சேர்க்கலாம். ஒரு மக்கள் திரளின் உரிமையோ கேட்டுப் போராடினாலன்றிக் கிட்டாது. 1915 நவம்பர் 14ஆம் நாள் டஸ்கீஜியில் அவர் மறைந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அதே நாட்டில், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். கல்வியையும் உரிமைப் போரையும் ஒருசேரக் கொண்ட வழியை அண்ணல் நமக்குக் காட்டினார். அவர் 1946இல் டுபாய்சுக்கு மடல் எழுதித் தொடர்பு கொண்டதும் ஈண்டு நினையத்தக்கது.

ஆகவே இளைஞர்களே, வாஷிங்டனின் அரசியலை விடுத்து அவரது ஆசிரியப் பணியைக் கைக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் முன்பு செய்த தொழிலைக் குறிப்பிட நாண வேண்டா. பசியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் படிப்பதற்கு, உழைத்துப் பசித்தவரினும் தகுதியுடையார் யார்? பயிற்சி முடித்து வருங்கால், உங்கள் தெருவிலிருந்து இன்னும் இருவரையேனும் அப்பள்ளி வாயிலுக்கு அனுப்புங்கள். நம் கழகத்தின் பொன்விழா மலரில், அவ்வாறு சென்றோர் தலைமையாசிரியராய் எழுதும் கட்டுரைகள் இடம்பெறுக என வாழ்த்தி அமைகிறோம்.